இல்லற நலம்: சலவை யந்திரமும் நம் துணிமணிகளும்

நம்மவர் இல்லங்கள் பலவற்றில் இப்பொழுது சலவை யந்திரம் இடம்பெற்றுவிட்டது. கணவன், மனைவி இருவரும் அலுவலகம் செல்லும் வீடுகளிலும், தண்ணீர் குறித்த நேரத்தில் மட்டும் வரும் குடியிருப்புகளிலும், பனிக்காலத்தில் கைவிரல் விறைத்துப்போகும் தில்லி போன்ற நகரங்களிலும் அது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும், யந்திரம் வந்த ஓராண்டுக்குள் “புடவை நைந்துவிட்டது, வேட்டி பழுப்பேறிவிட்டது, சட்டையில் பொத்தல் விழுந்துவிட்டது” என்ற முறையீடும் கூடவே வந்துவிடுகிறது. ஆகவே இம்மாதம் நம் பகுதியில் சலவை யந்திரம் துணியைக் கெடுக்காமல் காப்பது எவ்வாறு என்பதைப் பற்றிச் சிறிது விரிவாகவே எழுத எண்ணுகிறோம்.

ஊரை விட்டுப் பல நூறு மைல்களுக்கு அப்பால் வந்து வாழும் நமக்குத் துணி என்பது வெறும் துணி அன்று. தாயார் உடுத்திவிட்டுப் போன சுங்குடிச் சேலை, திருமணத்தன்று கட்டிய கூறைப்புடவை, பாட்டனார் கையால் வாங்கிக் கொடுத்த கைத்தறிப் போர்வை ஆகியவை நம் பெட்டிகளில் ஊரையே சுமந்துகொண்டு வந்தவை. வேறு சேலை ஒன்று கரோல்பாக் கடைத்தெருவிலும் கிடைக்கும். அந்தச் சேலை எங்கும் கிடைக்காது. ஆதலின், சில நிமிட நேரத்தை மிச்சம் பிடிக்கப் போய், மீண்டும் பெற முடியாத ஒன்றை இழந்துவிடலாகாது.

யந்திரம் செய்வது என்ன?

துணியிலுள்ள அழுக்கு நான்கு பொருள்களால் நீங்குகிறது. அவை நீர், சோப்பு, சூடு, அசைவு. ஆற்றங்கரைக் கல்லில் அடித்துத் துவைத்தபொழுதும் இவைதாம், யந்திரத்திலும் இவைதாம். இந்நான்கில் எது மிகுந்தாலும் துணிக்குக் கேடு. கையால் துவைப்பவர் துணியின் தன்மையைக் கையாலேயே அறிந்து, மெல்லியதை மெல்லெனவும் முரட்டுத் துணியை ஓங்கியும் கசக்குவார். யந்திரத்துக்கு அந்த அறிவு இல்லை. நாம் திருப்பிவைத்த குமிழ் எதுவோ அதன்படியே அது நடக்கும். எனவே யோசிக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் நம்முடையதாகிறது.

யந்திரங்கள் மூவகை. துவைக்க ஒரு தொட்டியும் பிழிய ஒரு தொட்டியுமாக இரட்டைத் தொட்டி உள்ளது முதல் வகை. மேற்புறம் மூடி திறந்து துணி போடுவது இரண்டாம் வகை. முன்புறம் வட்டக் கதவு உள்ளது மூன்றாம் வகை. முதலிரண்டு வகைகளிலும் பெரும்பாலும் தொட்டியின் அடியில் ஒரு சுழலும் தட்டு இருந்து நீரையும் துணியையும் முறுக்குகிறது. ஐந்தரை மீட்டர் நீளமுள்ள புடவையும் எட்டு முழ வேட்டியும் அம்முறுக்கில் மற்றத் துணிகளோடு கயிறுபோல் பின்னிக்கொள்ளும். அவற்றைப் பிரிக்க நாம் இழுக்கும்பொழுதுதான் கரை கிழிகிறது. முன்கதவு யந்திரத்தில் துணி மேலே தூக்கப்பட்டுக் கீழே விழுகிறது, முறுக்கு குறைவு. ஆதலால் துணிக்கு அது சற்று இதமானது. எவ்வகையாயினும் நீளத் துணிகளைத் தளர மடித்து, பெரிய வலைப்பை ஒன்றிலோ பழைய தலையணை உறையிலோ இட்டு வாயைக் கட்டிப் போடுவது நல்லது.

பார அளவு

நாம் பார்ப்பது ரயில்வே பார்சல் அலுவலகத்தில் எழுத்தர் வேலை. சரக்கு வண்டி ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது தாங்கும் பாரம் எழுதப்பட்டிருக்கும். அதற்கு மேல் ஏற்றினால் வில் முறியும், அச்சு சூடேறும். சலவை யந்திரத்துக்கும் பார அளவு உண்டு. ஏழு கிலோ என்று எழுதியிருந்தால், அது உலர்ந்த பருத்தித் துணியின் எடை. ஈரத் துணியின் எடை அன்று. அதுவும் பருத்தித் துணிக்கான ஓட்டத்துக்கு மட்டுமே அந்த அளவு. செயற்கை இழைத் துணிகளுக்கு அதில் ஏறத்தாழப் பாதியும், கம்பளிக்கும் மெல்லிய துணிகளுக்கும் அதனினும் குறைவுமே போடலாம். யந்திரத்துடன் வந்த சிறு புத்தகத்தில் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் உரிய அளவு தனித்தனியே அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பிரிக்காமலே பரண்மேல் எறிந்துவிடுவது நம்மிடையே பரவியுள்ள வழக்கம்.

நிறுத்துப் பார்க்கத் தராசு வேண்டியதில்லை. முன்கதவு யந்திரத்தில் துணிகளைத் தளரப் போட்டபின், அவற்றின் மேற்புறத்துக்கும் உருளையின் கூரைக்கும் நடுவே உள்ளங்கையை நிமிர்த்தி நுழைக்க இடம் இருக்க வேண்டும். இடமில்லையெனில் துணி விழுந்து எழ வழியில்லாமல் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். இழை தேயும்; சோப்பும் முழுவதும் அலசப்படாது. அதற்காக ஒற்றைப் போர்வையை மட்டும் போட்டு ஓட்டுவதும் தவறே. பிழியும்பொழுது பாரம் ஒருபுறம் சாய்ந்து யந்திரம் குதிக்கும். துணையாக இரண்டு துண்டுகளைச் சேர்த்துப் போடுக.

பிரித்தல்

வெள்ளை வேறு, வண்ணம் வேறு என்று பிரிப்பதை யாவரும் அறிவர். அதனோடு முரட்டுத்துணி வேறு, மெல்லிய துணி வேறு என்று பிரிக்க வேண்டுமென்பதைப் பலர் கருதுவதில்லை. பிள்ளைகளின் ஜீன்ஸ் கால்சட்டையும் அம்மாவின் வாயில் புடவையும் ஒரே ஓட்டத்தில் சுழன்றால், கால்சட்டையின் தடித்த தையலும் செப்புக் குமிழும் புடவையை அரம் போல் அராவிவிடும். துவாலையும் கறுப்புத் துணியும் சேர்ந்தால் பஞ்சுத்தூள் படியும்.

புதிதாக வந்த கைத்தறித் துணிகளை முதல் இரண்டு மூன்று முறை தனியாகவே துவைக்க வேண்டும். சாயம் விடுமா என்று அறிய எளிய வழி உண்டு. துணியின் உள்மடிப்பில் ஒரு மூலையை நனைத்து, அதன்மேல் வெள்ளைத் துணியை வைத்து அழுத்திப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அத்துணி யந்திரத்துக்கு உரியதன்று. உப்பு நீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். சாயம் இழையில் பற்றுவது சாயமிடும் பட்டறையில் நிகழும் காரியம். அங்கே சரியாகப் பற்றாத சாயத்தைப் பின்னர் வீட்டு வாளியில் போடும் உப்பு பற்றவைத்துவிடாது. குளிர்ந்த நீர், குறைந்த நேரம், தனித்துவைப்பு ஆகியவையே காப்பு.

கொக்கியும் ஊக்கும்

இதனைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டிய காரணம் ஒன்று உண்டு. நாம் அறிந்த இல்லம் ஒன்றில் பனியன்களிலும் மெல்லிய சட்டைகளிலும் மிளகளவு பொத்தல்கள் விழத் தொடங்கின. அவ்வீட்டுக்கு வேலைக்கு வருபவர் விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய அம்மையார். கையால் முரட்டுத்தனமாகத் தேய்க்கிறார் என்று அவர்மீது குற்றம் சாட்டி, சம்பளத்தில் 300 ரூபாயையும் பிடித்துக்கொண்டார்கள். “அம்மா, நான் தேய்க்கவே இல்லை. நீங்க சொன்னபடி மிஷினில் போட்டு எடுத்துத்தான் உலர்த்துறேன்” என்று அவர் சொன்னது ஏறவில்லை. மறுமாதமும் பொத்தல் விழுந்தது. பிறகு அவ்வீட்டுப் பெரியவர் ஒருவர் ஒவ்வோர் உருப்படியாக எடுத்து நோக்கியபொழுது உண்மை வெளிப்பட்டது. ரவிக்கைகளின் இரும்புக் கொக்கிகள் மாட்டப்படாமலே யந்திரத்துக்குள் சென்று, சுழலும்பொழுதெல்லாம் பக்கத்துத் துணியைக் கொத்தி இழுத்திருக்கின்றன. பிடித்த பணம் திருப்பித் தரப்பட்டது, வருத்தமும் தெரிவிக்கப்பட்டது. ஆனால் ஒரு மாத காலம் அந்த அம்மையார் சுமந்த பழியை யார் திருப்பி எடுப்பது? தம்மைப் போலவே பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த ஒருவர்மீது பழி சொல்லுமுன், யந்திரத்தின் உள்ளே ஒருமுறை பார்ப்பது நம் கடமை அன்றோ!

ஆகவே, கொக்கிகளை மாட்டிவிடுக. கால்சட்டையின் ஜிப்பை மேலே இழுத்து மூடுக. சட்டைப் பொத்தான்களை மட்டும் கழற்றிவிடுக. பூட்டியபடி போட்டால் பொத்தான் துளை இழுபட்டுக் கிழியும். ரவிக்கைகளையும் உள்ளாடைகளையும் சிறு வலைப்பையில் இடுக. பூவேலையும் மணிவேலையும் உள்ள துணிகளையும் அச்சிட்ட சட்டைகளையும் உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடுக. சட்டைப் பைகளில் நாணயம், பேனா, ஊக்கு, தலைப்பின் ஆகியவற்றைத் துழாவி எடுக்க வேண்டும். அவரவர் பையை அவரவரே காலி செய்துவிட்டுத்தான் அழுக்குக் கூடையில் போட வேண்டும் என்று வீட்டில் ஒரு விதி செய்துகொண்டால், ஆடவரும் பிள்ளைகளும் இவ்வேலையில் தம் பங்கைச் செய்தவராவர்.

சோப்புத் தூளும் நீரும்

தூள் மிகுந்தால் வெண்மை மிகும் என்பது பொய். மிகுந்த தூள் அலசலில் போகாமல் இழைகளுக்கிடையே தங்கித் துணியை விறைக்கச் செய்யும். அழுக்கையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சிலருக்கு உடம்பில் அரிப்பையும் உண்டாக்கும். முன்கதவு யந்திரத்துக்கு நுரை குறைந்த தூளே ஏற்றது. மற்ற வகையைப் போட்டால் நுரை பெருகி, துணி விழும் வேகத்தைத் தடுத்து, அழுக்கும் போகாமல் செய்துவிடும். தூளை நேரே துணிமேல் கொட்டலாகாது. அதில் வெளுக்கும் மருந்து கலந்திருப்பின் விழுந்த இடம் திட்டுத்திட்டாக வெளிறும். உரிய அறையில் இடுக. அறை இல்லாத யந்திரமாயின் நீரில் கரைத்து ஊற்றுக. பனிக்காலக் குளிர்நீரில் தூள் எளிதில் கரையாது. அப்பொழுது சிறிது வெந்நீரில் கரைத்துக்கொள்வதோ திரவ சோப்பைப் பயன்படுத்துவதோ நலம்.

வேட்டி பழுப்பேறுவதற்குப் பெருங்காரணம் நீரின் கடினத்தன்மை. குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீர் கிடைக்காவிடில் 600 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுகோல் கூறுகிறது. குருகிராமம், நொய்டா முதலிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணற்று நீரை நம்பியுள்ள குடியிருப்புகளில் வாளியின் விளிம்பில் படியும் வெள்ளை உப்பே நீரின் தன்மையைக் காட்டிவிடும். அதிலுள்ள சுண்ணாம்பும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து பிசுக்காகி இழையில் படிகின்றன. துவாலை அட்டைபோல் ஆகிறது. வெள்ளை சாம்பல் நிறம் கொள்கிறது. விறைத்த இழை மடிப்புகளில் விரைவில் ஒடிகிறது. இத்தகைய நீருக்குத் தூள் சிறிது கூடுதலாக வேண்டும். எவ்வளவு என்பது தூள் உறையின் பின்புறத்தில் எழுதியிருக்கும். வெள்ளைப் பருத்திக்கு மட்டும் சிறிது சலவைச் சோடா சேர்க்கலாம். பட்டுக்கும் கம்பளிக்கும் அது ஆகாது.

யந்திரத்தினுள்ளும் இந்த உப்பு படியும். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை, துணி ஏதுமின்றி, சிட்ரிக் அமிலம் எனப்படும் எலுமிச்சை உப்பு இரண்டு மூன்று மேசைக் கரண்டி இட்டு, வெந்நீரில் ஓர் ஓட்டம் விட்டால் படிவு கரையும். இங்குள்ள மளிகைக் கடைகளில் “நீம்பூ கா சத்” என்று கேட்டால் கொடுப்பார்கள். யந்திரத்துக்குரிய புத்தகம் வேறு மருந்தைக் கூறினால் அதனையே கொள்க. ஓர் எச்சரிக்கை: எலுமிச்சை உப்பையோ வினிகரையோ பிளீச்சிங் பவுடரோடும் பிளீச் திரவத்தோடும் ஒருகாலும் சேர்க்கலாகாது. சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும்.

வேட்டிக்கு நீலமும் புடவைக்குக் கஞ்சியும் போடும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டியதில்லை. ஆனால் அவற்றை வாளியிலேயே செய்க. கரையாத நீலம் யந்திரத்தில் சிக்கி அடுத்த ஓட்டத்துத் துணியில் புள்ளி வைக்கும். கஞ்சி உருளையின் துளைகளிலும் வடிகட்டியிலும் தங்கிப் புளித்து நாறும்.

சூடும் பிழிதலும்

வெள்ளைப் பருத்திக்கு 40 முதல் 60 டிகிரி வரை சூடு தகும். வண்ணத் துணிக்குக் குளிர்நீர் அல்லது 30 டிகிரி போதும். ரப்பர் இழை சேர்ந்த உடைகள் சூட்டிலும் குளோரின் பிளீச்சிலும் தளர்ந்துபோகும். சாம்பார் சிந்திய மஞ்சள் கறை சோப்புப் பட்டவுடன் சிவப்பதைக் கண்டு திடுக்கிட வேண்டா. மஞ்சளிலுள்ள நிறப்பொருள் காரத்தில் சிவக்கும் இயல்புடையது. அலசி வெயிலில் உலர்த்தினால் வெயிலே அந்நிறத்தை வெளுக்கச் செய்யும்.

பிழியும் வேகம் மற்றொன்று. பருத்தி நனைந்தால் முன்னினும் வலுக்கொள்ளும். எனவே 1000 சுற்றுக்கும் அது தாங்கும். ரேயான் எனப்படும் விஸ்கோஸ் துணியோ நனைந்தவுடன் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். பட்டும் கம்பளியும் ஈரத்தில் வலிமை குன்றும். இவற்றை முழு வேகத்தில் பிழிவது நோயாளியை ஓடச் செய்வது போலாகும். மெல்லிய துணிகளுக்கு 400 முதல் 600 சுற்று போதுமானது. இரட்டைத் தொட்டி யந்திரத்தில் பிழியும் தொட்டியினுள் துணியைச் சமமாகப் பரப்பி, மேலே வலைத்தட்டை வைத்து மூட வேண்டும். சுழற்சி முற்றும் நிற்குமுன் கையை உள்ளே விடலாகாது. இதனைச் சிறுவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும்.

புடவைக்கு ஃபால்ஸ் தைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பருத்தி ஃபால்ஸை நனைக்காமலே தைத்துவிட்டால் முதல் துவைப்பில் அது சுருங்கி, சுருங்காத புடவையின் கரையைச் சுருக்கி இழுக்கும். இதற்கு யந்திரத்தை நோவதில் பயனில்லை. தைக்கும் முன் ஃபால்ஸை ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்திக் கொடுத்தால் இத்தொல்லை இராது.

கம்பளியும் பட்டும்

நம் ஊரில் கம்பளி உடைக்கு வேலையில்லை. ஆதலால் வடநாட்டுக்கு வந்த முதல் பனிக்காலத்தில்தான் நம்மவர் பலர் கம்பளியைத் துவைக்கக் கற்கிறார்கள்; அதுவும் ஒரு ஸ்வெட்டரைப் பறிகொடுத்த பின்னரே. ஆட்டுமயிர் இழையின் மேல் மீன் செதில் போன்ற நுண்ணிய செதில்கள் உள்ளன. சூடும் ஈரமும் அசைவும் ஒன்றுகூடினால் அச்செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு விடாமல் இறுகும். தந்தையின் ஸ்வெட்டர் மகனுக்கும் போதாததாகிவிடும். அது மீண்டும் பழைய அளவுக்கு வருவதில்லை. ஆகவே, யந்திரத்தில் போடலாம் என்று சீட்டு அனுமதித்தாலன்றிக் கம்பளியைக் குளிர்ந்த நீரில் கையாலேயே அமிழ்த்தி எடுக்க வேண்டும். முறுக்காமல், துவாலையில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, கட்டிலின்மேல் பரப்பி உலர்த்துக. கொடியில் தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே நீண்டுவிடும்.

பட்டு என்பது புரதம், கம்பளியும் அவ்வாறே. கறை போக்கும் தூள்கள் பலவற்றில் புரதத்தைக் கரைக்கும் நொதிப்பொருள் சேர்க்கப்பட்டிருக்கிறது. இரத்தக் கறையையும் பால் கறையையும் அரிக்கும் அதே பொருள் பட்டு இழையையும் அரிக்கும். ஊரில் பருத்தியை உவர்மண்ணில் நனைத்து வெள்ளாவி வைத்தவர்கள் பட்டை அதில் சேர்க்காமல் விலக்கியது இக்காரம் பட்டுக்கு ஆகாது என்ற பட்டறிவால்தான். காஞ்சிபுரப் பட்டையும் அதன் சரிகையையும் யந்திரத்தில் இடுவதை எண்ணியும் பார்க்க வேண்டா. சாதாரணப் பட்டுக்குப் பூந்திக்கொட்டை ஊறிய நீர் போதும். இங்கு அதனை “ரீட்டா” என்பர். கம்பளிக்கும் அது நல்லது. சரிகை கனத்த புடவையை உலர்சலவைக்குக் கொடுத்துவிடுவதே பாதுகாப்பு.

துணியின் விலாசச் சீட்டு

பார்சல் ஒவ்வொன்றிலும் மார்க்கா எழுதியிருப்பதுபோல, கடையில் வாங்கும் உடைகளின் உள்தையலில் சிறு சீட்டு ஒன்று இருக்கும். 1963-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் தோன்றிய ஜினெடெக்ஸ் என்னும் அமைப்பு பரப்பிய குறிகள் அதில் உள்ளன. மொழி தெரியாதவரும் படிக்கலாம். நீர்த்தொட்டி போன்ற படம் துவைப்பதைக் குறிக்கும். அதனுள் ஒரு புள்ளி என்றால் 30 டிகிரி, இரண்டு புள்ளி 40, மூன்று 50, நான்கு 60. தொட்டியின் கீழ் ஒரு கோடு இருந்தால் மென்மையாகவும், இரு கோடு இருந்தால் மிக மென்மையாகவும் துவைக்க வேண்டும். தொட்டியில் கை இருந்தால் கையால் மட்டுமே துவைக்கலாம். பெருக்கல் குறி இட்டிருந்தால் துவைக்கவே கூடாது. முக்கோணம் வெளுக்கும் மருந்தையும், சதுரம் உலர்த்துவதையும், வட்டம் உலர்சலவையையும் குறிக்கும். கழுத்தை உறுத்துகிறது என்று சீட்டை வெட்டி எறிபவர்கள் அதற்குமுன் ஒருமுறை படித்து வைத்துக்கொள்க.

யந்திரத்தையும் பார்க்க வேண்டும்

இவ்வளவு கவனம் செலுத்திய பின்னும் துணியில் இழுப்பு விழுமாயின், குற்றம் உருளையில் இருக்கலாம். மின்செருகியைப் பிடுங்கிவிட்டு, கிழிந்த நைலான் துணி ஒன்றைக் கையில் சுற்றிக்கொண்டு உருளையின் உட்புறம் முழுவதையும் மெல்லத் தடவிப் பாருங்கள். எங்கேனும் பிசிர் இருந்தால் நைலான் அங்கே சிக்கும். நாணயமோ ஊக்கோ உருளையின் துளையில் மாட்டியிருப்பதும் உண்டு. சிக்கும் இடத்தைத் தாமே அராவாமல் பழுது பார்ப்பவரிடம் காட்டுவது நல்லது. முன்கதவின் ரப்பர் வளையத்து மடிப்பில் தலைப்பின்னும் காசும் ஒளிந்துகொள்ளும். நீர் தேங்கிக் கரும்பூஞ்சையும் பிடிக்கும். ஒவ்வொரு துவைப்புக்குப் பின்னும் அதைத் துடைத்து, கதவைச் சிறிது திறந்தே வைக்க வேண்டும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் குழந்தை உள்ளே நுழையாதபடி பார்த்துக்கொள்க.

மாற்றலாகி ஊர் விட்டு ஊர் செல்வது நம் வாழ்க்கை. முன்கதவு யந்திரம் வாங்கும்பொழுது அதன் பின்புறத்தில் உருளை ஆடாதபடி பூட்டிய போக்குவரத்துத் திருகாணிகள் இருக்கும். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் யந்திரம் அதிர்ந்து கெடும். கழற்றியபின் எறிந்துவிடாமல் பத்திரப்படுத்துக. அடுத்த மாற்றலின்போது அவற்றை மீண்டும் பூட்டித்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். பூட்டாமல் வந்த யந்திரத்தின் உருளை வழிநெடுக ஆடி மோதித் தொங்குவில்லும் தாங்கியும் பழுதாகும். புது வீட்டில் நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். மூலைக்கு மூலை அழுத்தினால் ஆடக் கூடாது. மண்ணிணைப்பு உள்ள மூன்று முள் செருகிடத்திலேயே இணைக்க வேண்டும்.

துவைத்த துணியை உள்ளேயே விட்டுவிட்டு உறங்கிவிடாதீர்கள். நாற்றமும் சாயக் கறையும் உண்டாகும். வண்ணத் துணியைத் திருப்பி நிழலில் உலர்த்துக. வடநாட்டுக் கோடை வெயில் வெள்ளைக்கு நண்பன், வண்ணத்துக்குப் பகைவன்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். யந்திரம் வாங்கிவிட்டோம், இனி எல்லாத் துணியும் அதற்கே என்று எண்ணிவிட வேண்டா. நாள்தோறும் உடுத்தும் துணிகளை அதனிடம் விடுங்கள். ஊரிலிருந்து வந்த அந்த நாலைந்து உருப்படிகளை மட்டும் பொங்கலுக்கு முன்னொரு நாளும் கோடை முடிவில் ஒரு நாளும் கையால் அலசி, நிழலில் உலர்த்தி, சரிகை கறுக்காதபடி பழைய மல்துணியில் சுற்றி வையுங்கள். அவ்வேளையில் பிள்ளைகளையும் அருகே இருத்திக்கொண்டு, “இது உன் அப்பத்தாவின் சேலை, சின்னாளப்பட்டியில் வாங்கியது” என்று சொல்லுங்கள். யந்திரத்தால் செய்ய இயலாத வேலை அது ஒன்றுதான்.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் அரிசி பருப்பு முதலியவற்றை வண்டு பிடிக்காமல் காக்கும் வழிகளைப் பற்றி எழுதுவோம்.